ஓடத் தொடங்கிய பின் கூப்பிட்டுப் பயனில்லை: சிப்பிப்பாறை நாயைப் பழக்குவது குறித்து

கேள்வி: நாங்கள் கோயம்புத்தூர் புறநகரில் தனி வீட்டில் வசிக்கும் ஓய்வு பெற்ற தம்பதியர். 12 ஆண்டுகள் எங்களோடு இருந்த லாப்ரடார் இறந்த பிறகு, நம் ஊர் நாய் ஒன்றை வளர்க்க விரும்பி, விருதுநகர் பக்கத்திலிருந்து சிப்பிப்பாறைக் குட்டி ஒன்றை வாங்கி வந்தோம். பெயர் மாறன், வயது பத்து மாதம். வீட்டுக்குள் 'வா' என்றால் உடனே வருகிறான். பின்னால் இருக்கும் காலிமனைகளில் பூனையையோ மயிலையோ கண்டுவிட்டால் எவ்வளவு கத்தினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் வருகிறான். வந்ததும் என் கணவர் இரண்டு அடி கொடுப்பார். போன மாதம் பக்கத்து வீட்டுக் கோழிகள் இரண்டைக் கொன்றுவிட்டான். 'உட்கார்' என்றால் நின்றுகொண்டே இருக்கிறான். லாப்ரடார் சில வாரங்களில் கற்றதை இவன் ஆறு மாதமாகியும் கற்கவில்லை. நாய் பழக்குபவர் ஒருவர் முள் பட்டை போட்டால்தான் அடங்கும் என்கிறார். கருத்தடை செய்தால் போதும் என்கிறார் இன்னொருவர். 'இனத்தின் புத்தி போகாது, வாங்கிய இடத்திலேயே விட்டுவிடுங்கள்' என்கிறார்கள் உறவினர்கள். மாறனுக்குப் புத்தி மந்தமா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள அம்மா, வணக்கம்.

மாறனுக்குப் புத்தி மந்தமில்லை. அவன் வேண்டுமென்று உங்கள் சொல்லை மீறவும் இல்லை. நீங்கள் எழுதியிருப்பவை அனைத்தும் ஆரோக்கியமான இளம் சிப்பிப்பாறை ஒன்றின் இயல்பான நடத்தைகள். இரண்டு கோழிகள் செத்ததும், உங்கள் மனம் சங்கடப்பட்டதும் சிறிய விஷயங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த இனம் எந்த வேலைக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதைப் புரிந்துகொண்டால், எதைக் கற்பிக்க முடியும், எதைச் சுவராலும் கயிற்றாலும் மட்டுமே தடுக்க முடியும், எந்த நொடியில் கற்பிக்க வேண்டும் என்பவை தெளிவாகிவிடும். உங்கள் வீட்டில் இதுவரை தவறியது அந்த மூன்றாவது விஷயம்தான். அவன் ஓடத் தொடங்கிய பிறகு கூப்பிடுகிறீர்கள். கற்பிக்க வேண்டிய நேரம் அதற்கு முன்பே கடந்துவிடுகிறது.

லாப்ரடாரோடு ஒப்பிட்டுக் கேட்டிருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். லாப்ரடாரின் முன்னோர்கள் நியூபவுண்ட்லாந்துத் தீவின் மீனவர்களிடம் வளர்ந்த நீர் நாய்கள். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனின் செல்வந்தர்கள் அவற்றைக் கொண்டுவந்து, சுட்டு வீழ்த்திய பறவையைச் சேதமின்றிக் கவ்வி எடுத்துவந்து கையில் கொடுக்கும் வேலைக்கென்று இனப்பெருக்கம் செய்தார்கள். 1903இல் அது தனி இனமாக அங்கே அங்கீகாரம் பெற்றது. அந்த வேலையில் நாய் ஒவ்வொரு கட்டத்திலும் மனிதனின் முகத்தையும் கையையும் பார்த்தாக வேண்டும். 'இரு' என்றால் இருக்க வேண்டும், கை காட்டிய திசையில் போக வேண்டும், எடுத்ததைத் திருப்பித் தர வேண்டும். இப்படிப் பார்த்துப் பார்த்து வேலை செய்யும் நாய்களையே அவர்கள் அடுத்த தலைமுறைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். இதோடு இன்னொன்றும் உண்டு. பிரிட்டனில் ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாரிடம், வயிறு நிறைந்த உணர்வோடு தொடர்புடைய மரபணு ஒன்றின் ஒரு பகுதி இல்லாமல் இருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது; அந்த நாய்களுக்குத் தீனி மீதான நாட்டம் மற்றவற்றைவிட அதிகம். மனிதனின் முகத்தைப் பார்க்கும் பழக்கமும் பிஸ்கட்டுக்கு எதையும் செய்யும் பசியும் ஒரே நாயிடம் சேர்ந்திருந்தால் அது சில வாரங்களில் கற்றுக்கொள்வதில் வியப்பில்லை.

சிப்பிப்பாறையின் வேலை முற்றிலும் வேறு. விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துக் கரிசல் நிலம் நெடுந்தூரம் பார்வைக்குத் திறந்து கிடப்பது. அங்கே முயல் கிளம்பியதும் நாய் பாய்ந்தாக வேண்டும். வேட்டைக்காரர் சொல்லட்டும் என்று அது ஒரு விநாடி காத்திருந்தால் முயல் போய்விடும். முயல் திரும்பும் பக்கம் தானும் திரும்ப வேண்டும், குறுக்கு வழியைத் தானே முடிவு செய்ய வேண்டும், ஆள் வந்து சேருவதற்கு முன்பே பிடித்தாக வேண்டும். ஆகவே அந்த ஊர்களில் நல்ல நாய் என்று பெயர் எடுத்தது, யாரையும் கேட்காமல் முடிவெடுத்த நாய். குட்டி எடுக்கும்போது அதன் வம்சத்தைத்தான் தேடினார்கள். உங்களிடம் வந்திருப்பது அந்தத் தேர்வின் விளைவு. வேட்டை நாய்களைப் போலத் தனித்து வேலை செய்யப் பிறந்த இனங்கள் மனிதர் விரல் நீட்டிக் காட்டுவதைப் பின்பற்றுவதில், கூடி வேலை செய்யப் பிறந்த இனங்களைவிடப் பின்தங்கியிருப்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. இதை அறிவுக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். யாரைப் பார்த்து முடிவெடுப்பது என்பதில் உள்ள வேறுபாடு அது.

விலங்கு நடத்தையைப் படிப்பவர்கள் நாயினத்தின் வேட்டையை ஒரு தொடராகப் பிரித்துச் சொல்வார்கள்: சத்தத்துக்கோ அசைவுக்கோ தலை திருப்புவது, கண்ணை நிலைநிறுத்துவது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது, கிழித்துத் தின்பது. மனிதன் ஒவ்வொரு இனத்திலும் இந்தத் தொடரின் சில கண்ணிகளை நீட்டி, சிலவற்றை வெட்டியிருக்கிறான். ஆடு மேய்க்கும் பார்டர் கோலியிடம் முறைத்தலும் பதுங்கலும் துரத்தலும் மிகுந்திருக்கும், கவ்வுவது ஒடுக்கப்பட்டிருக்கும். லாப்ரடாரிடம் கவ்வும் கண்ணி உண்டு, ஆனால் மென்மையாக, கொல்லும் கண்ணி இல்லாமல். சிப்பிப்பாறையிடம் துரத்துவதிலிருந்து கொல்வது வரை ஒரு கண்ணியும் வெட்டப்படவில்லை. வெட்டினால் அதற்கு அந்த ஊரில் வேலையே இல்லை. உங்கள் லாப்ரடார் கோழியைத் துரத்தியிருந்தாலும் ஒருவேளை வாயில் வைத்துக்கொண்டு உங்களிடமே வந்திருக்கும். மாறன் கொன்றான். இரண்டு நாய்களும் தத்தம் முன்னோரின் வேலையைத்தான் செய்தன, ஒன்றை நல்லது என்றும் மற்றதைக் கெட்டது என்றும் பிரிக்க இதில் இடமில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தத் தொடரில் துரத்துவதே நாய்க்குப் பரிசு. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஓட்டம் அதற்கு இன்பம் தருகிறது. ஆகவே மாறன் ஒவ்வொரு முறை மயிலின் பின்னால் ஓடும்போதும், உங்கள் குரலைப் பொருட்படுத்தாமல் ஓடினால் நல்லது நடக்கிறது என்ற பாடத்தைக் கற்றுக்கொண்டே இருக்கிறான். உங்கள் பாடம் வாரத்துக்குச் சில நிமிடம். அந்தப் பாடம் தினமும், அரை மணி நேரம். எந்தப் பாடம் வெல்லும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இனி அவன் கண்ணைக் கவனியுங்கள். நீண்டு ஒடுங்கிய முகம் கொண்ட நாய்களின் விழித்திரையில் நுண்ணிய பார்வைக்கான உயிரணுக்கள் கிடைமட்டமாக ஒரு பட்டைபோல் நெடுக அமைந்திருக்கும். தட்டை முகப் பக் நாயிடம் அவை நடுவில் குவிந்திருக்கும். அடிவானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எங்கே எது அசைந்தாலும் மாறனுக்குத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். நீங்கள் மயிலைப் பார்ப்பதற்கு முன்பே அவன் பார்த்துவிடுகிறான். நிறங்களில் மட்டும் நாய்களுக்குக் குறை உண்டு: நீலமும் மஞ்சளும் தெளிவாகத் தெரியும், சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலக் குழம்பும். புல்தரையில் சிவப்புப் பந்தைப் போட்டுவிட்டு 'தேடு' என்பது அவனுக்கு நியாயமில்லை.

அடுத்த முறை கயிற்றோடு வெளியே அழைத்துப் போகும்போது, அவன் எதையாவது பார்க்கும் கணத்தை மட்டும் கவனியுங்கள். அதுவரை லேசாகத் திறந்திருந்த வாய் சட்டென்று மூடிக்கொள்ளும். கழுத்து நீளும். காதின் அடிப்பகுதி நிமிரும். உடல் எடை பின்னங்கால்களுக்குப் போகும். சில நாய்கள் ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி உறைந்து நிற்கும். வாய் மூடுவதற்கும் பாய்வதற்கும் இடையில் உங்களுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு விநாடிகள். இரை தொலைவில் இருந்தால் கூடுதலாகச் சில விநாடிகள் கிடைக்கும். வேட்டை நாயைப் பழக்கும் கலை முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. வாய் மூடுவதற்கு முன்னால் பெயர் சொன்னால் அவன் திரும்புவான். உறைந்த நிலையிலும் போதிய தொலைவு இருந்தால் திருப்பலாம். பாய்ந்த பிறகு கூப்பிடுவது, அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை என்று அவனுக்கு நாமே கற்பிப்பதாகும்.

இவ்வளவும் இனத்தைப் பற்றியது. ஆனால் இனம் என்பது ஒரு நாயைப் பற்றிய முதல் அனுமானம்தான், முடிவு அன்று. 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் கேட்டறிந்து 2022இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, தனித்தனி நாய்களின் நடத்தையில் காணப்படும் வேறுபாடுகளில் ஏறத்தாழ 9 சதவீதத்தை மட்டுமே இனத்தைக் கொண்டு விளக்க முடியும் என்று கண்டது. அதே ஆய்வில், மனிதர் சொல்வதற்கு இசைந்து நடக்கும் தன்மை மற்றப் பண்புகளைவிட இனத்தோடு கூடுதல் தொடர்புடையதாக இருந்தது. உங்கள் உறவினர்கள் 'இனத்தின் புத்தி' என்று சொல்வதில் உள்ள உண்மையும் மிகையும் இந்த இரண்டு செய்திகளுக்குள் அடங்கிவிடும். கோழிகளோடு படுத்துறங்கும் சிப்பிப்பாறைகளை நான் கிராமங்களில் பார்த்திருக்கிறேன். அவை பெரும்பாலும் கண் திறந்த நாளிலிருந்து கோழிகளுக்கு நடுவே வளர்ந்தவை. நாய்க்குட்டிகளுக்கு ஏறத்தாழ 3 முதல் 12 வாரம் வரையிலான காலத்தில் யாரோடு பழகுகின்றனவோ அவர்களைத் தம் உலகத்தைச் சேர்ந்தவர்களாக ஏற்கும் தன்மை மிகுதி என்பதை அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஸ்காட், புல்லர் இருவரும் ஐந்து இன நாய்களைப் பல ஆண்டுகள் வளர்த்து ஆராய்ந்து 1965இல் வெளியிட்டார்கள். மாறன் அந்த வயதைத் தாண்டிவிட்டான். கோழிகள் இருக்கும் இடத்தில் உங்கள் கண் முன்னால் அமைதியாக இருக்க அவனுக்குக் கற்பிக்க முடியும். அவற்றோடு தனியே விட்டுவிடும் அளவுக்கு நம்ப முடியாது, அந்த நம்பிக்கையை வைத்துக்கொள்ளவே வேண்டாம். குட்டியைக் கொடுத்தவரிடம் தொலைபேசியில் பேசி, தாயும் தகப்பனும் வேட்டைக்குப் போனவையா, வீட்டுக் காவலில் வளர்ந்தவையா என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பதில் இனத்தின் பெயரைவிட உங்களுக்கு அதிகம் சொல்லும்.

முதலில் செய்ய வேண்டியது, இன்று முதல் அவனைக் காலிமனையில் அவிழ்த்துவிடுவதை நிறுத்துவது. எவ்வளவு பழகினாலும், வேலியில்லாத திறந்தவெளியில் சிப்பிப்பாறையைக் கயிறின்றி விடக்கூடாது என்பதே என் கருத்து. சாலையும் லாரியும் அருகில் இருக்கும் புறநகரில் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஏற்கெனவே கோழி விஷயத்தில் பக்கத்து வீட்டாருக்கு நஷ்டத்தைக் கொடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். கொடுக்கவில்லையென்றால் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். மயில் அப்படித் தீரக்கூடியதன்று. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை அது. அந்த மனைகளில் முயல் இருந்தாலும் அதே சட்டம்தான். ஊரில் ஒரு காலத்தில் வழக்கமாக இருந்த முயல் வேட்டை இன்று குற்றம்.

கழுத்துப்பட்டையையும் இந்த வாரமே மாற்றுங்கள். லாப்ரடாருக்குப் போட்ட அதே வகைப் பட்டையை மாறனுக்கும் போட்டிருப்பீர்கள். அதன் கழுத்து தடித்தது, தலை அகலமானது. மாறனின் தலையோ அவன் கழுத்தின் சுற்றளவுக்கே இருக்கும். அவன் நான்கு காலையும் ஊன்றிப் பின்னால் இழுத்தால் பட்டை காது வழியே நழுவி உங்கள் கையோடு வந்துவிடும். இப்படி நடுரோட்டில் நாயைத் தவறவிட்டவர்கள் பலர். வேட்டை நாய்களுக்கென்று மார்ட்டிங்கேல் என்ற அகலப் பட்டை கிடைக்கிறது. இழுக்கும்போது தலை நழுவாத அளவுக்கு மட்டும் இறுகி, விட்டதும் தளர்ந்துவிடும். அதோடு மார்பையும் வயிற்றையும் சுற்றி அணியும் ஹார்னஸ் ஒன்றும் வேண்டும். பயிற்சிக்கான நீளக் கயிற்றை எப்போதும் ஹார்னஸில்தான் மாட்ட வேண்டும், கழுத்தில் மாட்டக்கூடாது. இதன் காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். இந்த வகை நாய்களில் வேகமானதான கிரேஹவுண்ட் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். மாறன் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினாலும் விநாடிக்கு 11 மீட்டர் கடப்பான். 10 மீட்டர் கயிறு ஒரு விநாடிக்குள் தீர்ந்து, அந்த வேகம் முழுவதும் மெலிந்த கழுத்தெலும்பில் வந்து விழும். உங்கள் தோளுக்கும் அது நல்லதன்று. கையில் கயிற்றைச் சுற்றிக்கொள்ள வேண்டாம்.

அடுத்து அழைப்பு. 'வா' என்ற சொல் வெளியில் கெட்டுவிட்டது. அரை மணி நேரம் ஓடிவிட்டுத் திரும்பி வருபவனை உங்கள் கணவர் அடிக்கும்போது, ஓடியதற்காக அடிப்பதாக அவர் நினைக்கிறார். நாயோ தன் செயலையும் விளைவையும் ஓரிரு விநாடி இடைவெளிக்குள்தான் தொடர்புபடுத்தும். ஆகவே அவன் புரிந்துகொள்வது, வீட்டுக்குத் திரும்பினால் அடி விழும் என்பது மட்டுமே. அவன் வர அரை மணி நேரம் ஆவதில் இந்த அடிக்கும் பங்குண்டு. மெல்லிய தோலும் கூச்ச சுபாவமும் கொண்ட இந்த இன நாய்கள், அதட்டலையும் அடியையும் மற்றப் பல இனங்களைவிட நெடுநாள் மறப்பதில்லை. சில நாய்கள் கற்றுக்கொள்வதையே நிறுத்திவிட்டு மூலையில் படுத்துவிடும். ஐயா அவர்கள் மாறன் மீது வைத்திருக்கும் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. அடிப்பதை மட்டும் இன்றோடு விட்டுவிடச் சொல்லுங்கள்.

கெட்டுப்போன சொல்லைச் சரிசெய்வதைவிடப் புதிதாகத் தொடங்குவது எளிது. ஒரு சாதாரண விசில் வாங்குங்கள். முதல் இரண்டு வாரங்கள் ஒவ்வொரு வேளை உணவு வைக்கும்போதும் இரண்டு முறை ஊதிவிட்டுத் தட்டை வையுங்கள். வேறு எதற்கும் ஊதாதீர்கள். பிறகு அடுத்த அறையிலிருந்து ஊதுங்கள், பிறகு மொட்டை மாடியிலிருந்து, பிறகு சுற்றுச்சுவருக்குள் தோட்டத்தில். அவன் வந்ததும் கொடுப்பது சாதாரண பிஸ்கட்டாக இருக்கக்கூடாது. வேகவைத்த கோழி ஈரலையோ, உப்பு நீங்க ஊறவைத்து வேகவைத்த கருவாட்டுத் துண்டையோ வைத்துக்கொண்டு, விசிலுக்கு மட்டும் அதைக் கொடுங்கள். வெளியே நீளக் கயிற்றில் இருக்கும்போது, எதுவும் கண்ணில் படாத அமைதியான நேரத்தில் மட்டும் ஊதுங்கள். வர மாட்டான் என்று தோன்றும் நேரத்தில் ஊதவே கூடாது. அந்த நேரத்தில் பேசாமல் கயிற்றைப் பிடித்து நடந்துபோய் அவனை அழைத்து வாருங்கள்.

துரத்தும் ஆசையை என்ன செய்வது என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம். அதை அழிக்க முயன்றால் தோற்றுப்போவோம். அதற்கு வேறு வழி திறந்துவிட்டு, அந்த வழியின் சாவியை உங்கள் கையில் வைத்துக்கொள்வதுதான் முறை. ஒரு மூங்கில் கழியின் நுனியில் இரண்டு மீட்டர் கயிறு கட்டி, அதன் முனையில் நீலம் அல்லது மஞ்சள் நிறத் துணிச் சுருளைக் கட்டுங்கள். தோட்டத்து மண்தரையில் அதை அசைத்தால் மாறனின் கண் மாறுவதை உடனே பார்ப்பீர்கள். முதலில் துணி அசையாமல் கிடக்க வேண்டும். அவன் நின்று உங்கள் முகத்தைப் பார்க்கும் கணத்தில் 'போ' என்று சொல்லித் துணியை ஓடவிடுங்கள். தொடக்கத்தில் அவன் பார்ப்பதற்கு நீங்கள் சற்றுக் காத்திருக்க நேரும், சில நாளில் தானாகவே பார்க்கத் தொடங்குவான். அவன் பிடிக்கும்படி விடுங்கள், ஏனெனில் பிடிக்கவே முடியாத ஓட்டம் அவனைப் பித்துப் பிடித்தவன்போல் ஆக்கும். பிடித்ததும் ஈரல் துண்டைக் காட்டி 'விடு' என்று சொல்லுங்கள். விட்டதும் தீனி, தீனி முடிந்ததும் மீண்டும் ஓட்டம். விட்டுக்கொடுத்தால் இழப்பு இல்லை, மறுபடியும் ஆட்டம் உண்டு என்பதை அவன் இப்படித்தான் அறிவான். இந்த விளையாட்டில் நீங்கள் கற்பிப்பது மூன்று விஷயங்கள்: பாய்வதற்கு முன் நிற்பது, முகத்தைப் பார்ப்பது, கவ்வியதை விடுவது. லாப்ரடாரிடம் பிறப்பிலேயே ஓரளவு இருந்தவை இவை. மாறனிடம் நீங்கள் கட்டியெழுப்ப வேண்டும்.

ஐந்தாறு நிமிடம் போதும். இந்த நாய் குறுந்தூர வேகத்துக்கு அமைந்தது. பாய்ந்து ஓடிவிட்டு நெடுநேரம் தூங்குவது அதன் இயல்பு. பத்து மாதத்தில் எலும்புகளின் வளர்ச்சி முடிந்திருக்காது, ஆகவே துணியைத் திடீரென்று வளைத்துத் திருப்பவோ உயரத் தூக்கிக் குதிக்கவைக்கவோ வேண்டாம். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே வேண்டாம். வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிடுங்கள். வெறுங்கையின் புறப்பக்கத்தைத் தார்ச் சாலையில் சில விநாடி வைத்துப் பார்த்து, உங்களால் தாங்க முடியாத சூடு என்றால் அவன் பாதத்துக்கும் அது ஆகாது.

இந்த ஆட்டம் பழகிய பிறகு கோழிப் பயிற்சிக்கு வாருங்கள். பக்கத்து வீட்டுக் கோழிகள் கூண்டில் இருக்கும் நேரத்தில், மாறன் அவற்றைப் பார்க்க முடிந்தும் வாயை மூடாத தொலைவு எது என்று கண்டுபிடியுங்கள். அது 30 மீட்டராக இருக்கலாம், 60 ஆகவும் இருக்கலாம். அங்கே நின்று, அவன் கோழியைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் தீனி கொடுங்கள். திரும்பவே இல்லையென்றால் தொலைவு போதவில்லை, பேசாமல் பின்வாங்குங்கள். பல நாள்களில் தொலைவை மெல்லக் குறையுங்கள். அவனது வாய் மூடும் கணமே உங்கள் அளவுகோல். இந்தப் பயிற்சியால் கோழியைக் கண்டதும் உங்களைத் திரும்பிப் பார்ப்பது ஒரு பழக்கமாகும். ஆனால் காலடியிலிருந்து சிறகடித்துக் கிளம்பும் கோழியிடம் அந்தப் பழக்கம் நிற்காமலும் போகலாம். அதற்காகத்தான் கயிறும், ஏறித் தாண்ட முடியாத ஆறடிச் சுற்றுச்சுவரும், தாழிட்ட கதவும்.

'உட்கார்' என்ற கட்டளையை நீங்கள் மறந்துவிடலாம். பின்தொடையின் தசை திரண்டு, கொழுப்பில்லாமல் எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இந்த உடலுக்கு, வெறும் தரையில் அமர்ந்திருப்பது வசதியான நிலையன்று. 'நில்' என்பதைக் கற்பியுங்கள். ஒரு மெத்தை விரிப்பைப் போட்டு 'படு' என்பதைக் கற்பியுங்கள். இரண்டையும் விரைவில் பிடித்துக்கொள்வான். விலா எலும்பு தெரிகிறதே என்று அதிகமாக ஊட்டுபவர்களும் உண்டு. கடைசிச் சில விலா எலும்புகள் லேசாகத் தெரிவது இந்த இனத்தில் ஆரோக்கியம்தான்.

முள் பட்டை வேண்டவே வேண்டாம். மயிலைப் பார்க்கும் நொடியில் கழுத்தில் வலி ஏற்பட்டால், அந்த வலிக்குக் காரணம் மயில் என்றோ, அப்போது சைக்கிளில் கடந்துபோன சிறுவன் என்றோ அவன் முடிவு செய்யக்கூடும். துரத்தும் ஆசை கொண்ட நாயைப் பயமும் பகையும் கொண்ட நாயாக மாற்றும் வழி அது. மேலும் இந்த நாய்களின் கழுத்துத் தோல் மெல்லியது, எளிதில் கிழியும். அந்தப் பழக்குபவர் மற்ற இனங்களில் அனுபவம் மிக்கவராக இருக்கலாம். காவல் நாய்க்குச் செய்ததையே வேட்டை நாய்க்கும் செய்யச் சொல்வது அந்த இனத்தை அறியாமல் சொல்வது. நாள் முழுவதும் சங்கிலியில் கட்டிப்போடுவதும் தீர்வாகாது. வழக்கமாகச் சங்கிலியில் கட்டி வைக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் தராமல் விடுவதை 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவே கொடுமையாகக் கருதுகிறது.

கருத்தடையைப் பொறுத்தவரை, பெண் நாயைத் தேடி அலைவது அதனால் குறையும். துரத்துவது குறையாது, ஏனெனில் அது விரையில் சுரக்கும் ஹார்மோனிலிருந்து வருவதன்று. வேறு காரணங்களுக்காகச் செய்ய விரும்பினால் எலும்பு வளர்ச்சி முடியட்டும். அறுவை சிகிச்சைக்கு முன், இது கிரேஹவுண்ட் வகை உடலமைப்புக் கொண்ட நாய் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கிரேஹவுண்டுகளின் உடல் தயோபென்டோன் போன்ற சில மயக்க மருந்துகளை மெதுவாகவே வெளியேற்றும், மயக்கம் தெளிய நெடுநேரம் ஆகும். கொழுப்பு குறைந்த உடல் என்பதால் மயக்கத்தில் உடல் வெப்பமும் விரைவாக இறங்கும். மருத்துவர் அதற்கேற்ற மருந்தைத் தேர்ந்தெடுப்பார்.

இதைப் படிக்கும் மற்ற வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: இந்த முறைகளை அப்படியே எல்லா நாட்டு இனங்களுக்கும் பொருத்த வேண்டாம். கோம்பை வளர்ப்பவரின் கவலை ஓட்டத்தைவிட, வீட்டுக்கு வரும் அந்நியரைப் பற்றியதாகவே இருக்கும். அங்கே ஆட்களோடு பழக்குவதிலிருந்து தொடங்க வேண்டும். வெள்ளை ராஜபாளையம் வைத்திருப்பவர்கள், நாய் சொல் கேட்கவில்லை என்று முடிவு செய்வதற்கு முன் அதற்குக் காது கேட்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த இனத்தில் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே செவித்திறன் இருப்பதில்லை.

மாறனைத் திருப்பிக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு, வேண்டாம் என்பதே என் பதில். இத்தனை மாதம் உங்கள் வீட்டுக்குள் படுத்துறங்கியவன், அங்கே கொல்லையில் கட்டப்படுவான். அல்லது சட்டத்துக்குப் புறம்பான வேட்டைக்குப் போவான். அவன் வீட்டுக்குள் 'வா' என்றதும் ஓடி வருகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மனிதரோடு பிணைப்பு ஏற்பட்டுவிட்டது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். உங்கள் இருவரின் வயதையும் எண்ணிப் பார்த்தேன். இழுக்கும் நாயைக் கையாள்வது கடினமாக இருந்தால், முதல் இரண்டு மாதங்கள் நீளக் கயிற்றுப் பயிற்சிக்கு மட்டும் உடல் வலுவுள்ள ஒருவரை, அடிக்காத ஒருவரை, உங்கள் கண் முன்னால் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாயை எங்காவது விடுதியில் விட்டு ஒரு மாதம் கழித்துப் பழக்கித் தருகிறேன் என்பவர்களிடம் ஒப்படைக்க வேண்டாம், ஏனெனில் மாறன் பார்க்கக் கற்க வேண்டியது உங்கள் முகத்தை. விசிலும் உணவும் இன்று இரவே தொடங்கலாம். மூங்கில் கழியைப் பட்டை மாற்றிய பிறகு எடுங்கள். கோழிப் பயிற்சிக்கு அவசரம் வேண்டாம். துணியை 'விடு' என்றதும் தயக்கமின்றி விடத் தொடங்கிய பிறகு அதற்குப் போகலாம்.